புனே மண்ணின் திரிகைப் பாட்டுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

கல் என்றால் வரலாறு படிக்கிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கல்வெட்டு. கோயில் சுவரில், குகையில், ஏரிக்கரையில் அரசர்கள் எழுதி வைத்த எழுத்து. நானும் முப்பது வருஷமாக அந்த எழுத்துகளின் பின்னால்தான் அலைந்திருக்கிறேன். ஆனால் நம் நாட்டில் எழுத்தே இல்லாத ஒரு கல்லும் வரலாறு சொல்லியிருக்கிறது. அது ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. மாவு அரைக்கும் திரிகைக்கல். எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் ஏந்திரம் என்பார்கள். மராட்டியில் அதற்கு ஜாத்தே என்று பேர். அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு மராட்டியப் பெண்கள் பாடிய பாட்டுகளைப் பற்றியும், அவை எப்படிக் கண்டெடுக்கப்பட்டு ஊர் உலகத்துக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன என்பது பற்றியும் இந்தக் கட்டுரையில் என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன். கராடியிலும் புனேயின் மற்ற பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முற்போக்குப் பாட்டு எது?

நாட்டுப்புறப் பாட்டு என்றால் தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, கும்மி என்று அடுக்குவோம். முற்போக்குப் பாட்டு என்றால் கட்சி மேடை, கொடி, பறை, உரத்த குரல் என்று நினைப்போம். இரண்டும் வெவ்வேறு சரக்கு, வெவ்வேறு கடையில் கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். புனேயின் பாட்டு வரலாற்றைப் படித்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. இங்கே இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஒன்று திண்ணைக்கு வந்து பாடியது, இன்னொன்று அடுக்களையிலேயே இருந்து பாடியது, அவ்வளவுதான். திண்ணைக்கு வந்ததற்குப் பேரும் புகழும் கிடைத்தன. அடுக்களையில் இருந்தது நூறாண்டுகள் கழித்துத்தான் வெளியே கேட்டது. முதலில் திண்ணைப் பாட்டைப் பார்ப்போம்.

ஃபுலே முதல் அண்ணாபாவ் வரை

போவாடா என்பது மராட்டியர்களின் வீரகதைப் பாட்டு. டஃப் என்ற தோற்கருவியை அடித்துக்கொண்டு ஷாஹிர் எனப்படும் பாடகர் நின்று பாடுவார். கூட இருப்பவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். நம் கதைப்பாடல்களைப் போலத்தான். சிவாஜி மகாராஜாவின் படைத் தலைவர்கள் காலத்திலிருந்தே இது உண்டு.

இந்தப் பழைய வடிவத்தை எடுத்துப் புதிய கருத்தை அதில் வைத்தவர் புனே மகாத்மா ஜோதிராவ் ஃபுலே (1827–1890). 1848-ல் இதே புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த அதே ஃபுலேதான். 1869-ல் அவர் சிவாஜியைப் பற்றி ஒரு போவாடா எழுதி அச்சிட்டார். அதில் சிவாஜி உழவர் குலத்தின் மாணிக்கமாக வருகிறார். ராஜாவைப் பாடும் வடிவத்தை வைத்தே ஏர் பிடிக்கிறவனின் பெருமையைப் பாடிவிட்டார் ஃபுலே. 1873 செப்டம்பர் 24-ம் தேதி புனேயில் அவர் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தார் பின்னாளில் கிராமத்துத் தமாஷாக் கூத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதற்குள் சாதிக் கொடுமை, வட்டிக் கொடுமை, படிப்பின் அவசியம் இவற்றைப் பாட்டாகவும் வசனமாகவும் வைத்து ஊர் ஊராக நடத்தினார்கள். சத்தியசோதக் ஜல்சா என்பது அதன் பெயர்.

1930-களில் நாசிக் பக்கத்து பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் அம்பேத்கர் இயக்கத்துக்காக இதே ஜல்சாவை நடத்தினார்கள். அவருக்குப் பிறகு வாமன்தாதா கர்டக் (1922–2004) என்ற மக்கள் கவிஞர் வந்தார். இரண்டு கர்டக்கும் வேறு வேறு ஆட்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். வாமன்தாதா வாழ்நாள் முழுக்க ஊர் சுற்றிப் பாடியவர்.

1944-ல் அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், கவாண்கர் மூவரும் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக், அதாவது செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார்கள். அண்ணாபாவ் (1920–1969) சாங்க்லி மாவட்டம் வாட்டேகாவ் என்ற ஊரில் மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பம்பாய்க்குப் பிழைக்க வந்து, மில் தொழிலாளியாக உழைத்துக்கொண்டே எழுத்தாளர் ஆனார். காதல் பாட்டான லாவணி வடிவத்திலேயே, பிரிக்கப்பட்ட மராட்டிய நாட்டின் ஏக்கத்தை அவர் பாடினார். 1960 மே 1-ம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்ததில் இந்த ஷாஹிர்களின் டஃப் சத்தத்துக்கும் பங்கு உண்டு. அண்ணாபாவும் அமர் ஷேக்கும் 1969-ம் வருஷமே, ஒருவர் பின் ஒருவராக, மறைந்துவிட்டார்கள்.

தஞ்சாவூருக்கு வந்த லாவணி

லாவணி என்ற சொல் நமக்கும் புதிதில்லை. 1676-ல் ஏகோஜி தஞ்சையைப் பிடித்ததிலிருந்து 1855 வரை அங்கே மராட்டியர் ஆட்சி. அவர்களோடு லாவணியும் காவிரிக்கரைக்கு வந்தது. வந்த இடத்தில் அது வேறு குணம் எடுத்துக்கொண்டது. காமன் பண்டிகையில், சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு குழுக்கள் டேப் அடித்துக்கொண்டு விடிய விடியப் பாட்டிலேயே வழக்காடும். கேள்விக்குப் பதில், பதிலுக்கு எதிர்க்கேள்வி. "என்னய்யா லாவணி பாடிக்கிட்டிருக்கீங்க?" என்று தஞ்சாவூர்க்காரர்கள் வாய்ச்சண்டையைச் சொல்வது இதனால்தான்.

புனேயிலிருந்து தஞ்சைக்குப் பாட்டு போயிருக்கிறது. இன்று தஞ்சையிலிருந்து புனேவுக்குப் பிழைக்க வந்திருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் முந்நூறு வருஷக் கணக்கு.

அடுக்களையில் பாடிய பாட்டு

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள், மேடை ஏறியவர்கள். இனி மேடை ஏறாதவர்கள்.

விடிவதற்கு முன், மூன்று நான்கு மணிக்கெல்லாம் கிராமத்துப் பெண் எழுந்திருப்பாள். அன்றைய ரொட்டிக்குக் கம்பு, சோளம், கோதுமை எதையாவது அரைத்தாக வேண்டும். அடிக்கல் அசையாமல் இருக்க, மேல்கல்லை மரப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். நடுக்குழியில் பிடி பிடியாகத் தானியம் போட வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவார்கள். மாமியாரும் மருமகளுமாகவோ ஓரகத்திகளாகவோ இருப்பார்கள். கல் சுற்றும் வேகத்துக்கும் மூச்சுக்கும் ஏற்ற மாதிரி பாட்டு வரும். ஒருத்தி முதல் அடியைத் தொடங்கினால் மற்றவள் எடுத்துக்கொள்வாள். இந்தப் பாட்டுக்கு ஓவி என்று பேர். சின்னச் சின்ன அடிகள். ஞானேஸ்வரர் 1290-ல் கீதைக்கு எழுதிய உரையான ஞானேஸ்வரியின் யாப்புக்கும் ஓவி என்றுதான் பேர். மகான் எழுதினாலும் மாவு அரைக்கிறவள் பாடினாலும் அளவு ஒன்றே. நாமதேவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்த ஜனாபாய்க்கு விட்டலனே வந்து கூட உட்கார்ந்து திரிகை சுற்றினான் என்பது வார்க்கரி பக்தர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

என்ன பாடினார்கள்? பிறந்த வீட்டு ஞாபகம், அண்ணன் தம்பி வரவு, புகுந்த வீட்டுக் கஷ்டம், மகள் என்று பிறந்தாலே விருந்தாளிதான் என்ற துக்கம், ராமனால் காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதையின் பக்கத்து நியாயம், பண்டரிபுர யாத்திரை, மழை, வறட்சி, கடன். திரிகையையே மலையிலிருந்து வந்த முனிவன், தெய்வம் என்று கூப்பிட்டு அதனிடம் மனசைக் கொட்டுவார்கள். காரணம் தெரிந்ததுதான். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். கேட்கிறது கல் ஒன்றுதான். கல் போய் மாமனாரிடம் சொல்லாது.

இதைக் கேட்டதும் நம் இலக்கியம் தெரிந்தவர்களுக்குப் பொறி தட்டும். கலித்தொகையில் குறிஞ்சிக்கலியில் 40 முதல் 43 வரை உள்ள பாட்டுகள் வள்ளைப்பாட்டு, அதாவது உலக்கைப் பாட்டு. தலைவியும் தோழியும் உரலைச் சுற்றி நின்று குத்திக்கொண்டே பாடுகிறார்கள். சந்தன மரத்து உரல், யானைத் தந்தத்து உலக்கை என்று கபிலர் அதைப் பொன் போலப் போற்றிச் சொல்கிறார். ஒருத்தி தலைவனைக் குறை சொல்வாள், மற்றவள் அவன் மலையைப் புகழ்வாள். அவன் மறைவில் நின்று கேட்பான். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகம், ஊசல் இவற்றோடு மூவேந்தரையும் பாடும் வள்ளைப் பாட்டும் வருகிறது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடித்துக்கொண்டு பாடும் பாட்டே. வேலை செய்யும் பெண்ணுக்குக் குறை சொல்லும் உரிமையை அந்த உலக்கையும் கல்லும் கொடுத்திருக்கின்றன. நேரில் சொன்னால் குற்றம். பாட்டில் சொன்னால் மரபு.

பாரதியார் குயில்பாட்டில் தன்னைச் சொக்க வைத்த பாட்டுகளை வரிசைப்படுத்தும்போது ஏற்றப் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டு என்று வேலைப் பாட்டுகளைச் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அடுக்களைக்குள் வந்த அம்பேத்கர்

ஓவிப் பாட்டு பழைய பாட்டு, பழைய விஷயம், அதில் முற்போக்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். மராட்டியக் கிராமங்களில், அதிலும் தலித் குடியிருப்புகளில், ராமனையும் விட்டலனையும் பாடிய அதே மெட்டில் பெண்கள் பீம்ராவைப் பாடத் தொடங்கினார்கள். அவருடைய படிப்பு, மனைவி ரமாபாயின் தியாகம், புத்தர் எல்லாம் ஓவிக்குள் வந்தன. பாட்டு எழுதிக் கொடுக்க இவர்களுக்குக் கட்சியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஊரில் கேட்ட செய்தியை, கூட்டத்தில் பார்த்த முகத்தை, மறுநாள் விடியற்காலையில் மாவோடு சேர்த்து அரைத்துப் பாட்டாக்கியிருக்கிறார்கள்.

பீட் மாவட்டத்து மாஜல்காவ் ஊரில் ராதாபாய் போர்ஹாடே முதலான பெண்கள் பாடிய அம்பேத்கர் ஓவிகள் 1996-ல் பதிவு செய்யப்பட்டன. ஆகவே மேடையிலிருந்து வீட்டுக்குப் போனது மட்டும்தான் முற்போக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே அது தன்னால் முளைத்திருக்கிறது. புகுந்த வீட்டுக் கொடுமையைப் பாடிய வாய்க்குச் சாதிக் கொடுமையைப் பாட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கண்டெடுத்தவர்கள்

இந்தப் பாட்டுகள் நமக்கு எப்படித் தெரிந்தன? புனேயைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கர் என்ற அம்மையாரும், பிரான்ஸில் பிறந்து 1970-களில் புனேயில் குடியேறி இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்ட கீ பொய்ட்வான் (மறைவு 2004) என்பவரும், புனே மாவட்டத்தின் மேற்கு மலைப்பகுதி ஏழை மக்களிடையே வேலை செய்தார்கள். அந்த வேலையின் நடுவில்தான் பெண்களின் ஓவிப் பாட்டுகள் அவர்கள் காதில் விழுந்தன. சமூக அறிவியல் கூட்டு ஆய்வு மையம் என்று புனேயில் ஒரு நிறுவனம் வைத்து, சுமார் இருபது வருஷம் சேகரித்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களே சேகரிப்பில் கூட நின்றார்கள்.

கணக்கைக் கேட்டால் வியாபாரியான எனக்கே தலை சுற்றுகிறது. ஒரு லட்சத்து பத்தாயிரம் பாட்டுக்கு மேல் எழுதி எடுத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். 1990-களின் பிற்பகுதியில் பெர்னார் பெல் என்ற பிரெஞ்சு இசையியல் அறிஞர் சேர்ந்து, கணினியில் பாட்டுகளுக்கு அட்டவணை அமைத்து, 120 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுக்குக் குறிப்பு எழுதினார். இந்தச் சேகரிப்பை வைத்து ஹேமாவும் கீயும் எழுதிய ஒரு நூல் 1996-ல் வந்தது. திரிகையும் பக்தியும் என்பது அதன் பொருள். உழவர் வீட்டுப் பெண்களின் பக்தி, சுவாமிகளின் தத்துவத்துக்குக் கடன்பட்டதா, இல்லை தத்துவம்தான் பெண்களுக்குக் கடன்பட்டதா என்று யோசிக்க வைக்கும் தலைப்பு.

அவர்களுக்குப் பின்னால் இந்தச் செல்வம் பெட்டியில் பூட்டிக் கிடக்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம், சுருக்கமாக பாரி, 2017 முதல் இந்தப் பாட்டுகளை ஒலியோடும் படத்தோடும் மொழிபெயர்ப்போடும் மின்வழியில் வெளியிட்டு வருகிறது. பழைய சேகரிப்பாளர்களோடு கூட இருந்தவர்களே இதிலும் வேலை செய்தார்கள். பாடிய பெண்களின் ஊருக்குத் திரும்பப் போய், இருக்கிறவர்களைப் பார்த்து, மறுபடி பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பாரி என்றால் நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்தவன். பேருக்கு ஏற்ற கொடைதான்.

பாட்டுக்கு ஒரு பேரேடு

இந்தச் சேகரிப்பில் என் மனசை அதிகம் தொட்ட விஷயம் பாட்டின் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுதியிருக்கும் விவரம். பாடியவர் பெயர், ஊர், தாலுக்கா, மாவட்டம், வயசு, சாதி, படிப்பு, பிள்ளைகள், தொழில், பதிவு செய்த தேதி. கடையில் பேரேடு எழுதுகிற மாதிரி ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். பர்பணி மாவட்டம் தாட்கள்ஸ் ஊர் கங்குபாய் அம்போரே பாடிய துக்கப் பாட்டைக் கேட்டால் மொழி தெரியாதவனுக்கும் கண் கலங்கும். ஆனால் அது கங்குபாய் பாடியது என்று நமக்குத் தெரிகிறதே, அதுதான் பெரிய விஷயம். "கிராமியப் பெண் குரல்" என்று ஒரு வார்த்தையில் அவரை முடித்துவிடவில்லை.

பெயர் எழுதுவதால் என்ன ஆகிவிடும்? ஜள்காவ் பக்கத்து பஹிணாபாய் சௌத்ரி (1880–1951) எழுதப் படிக்கத் தெரியாதவர். விதவை. வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்துகொண்டே ஓவி பாடினார். மகன் சோபான்தேவ் அவற்றை எழுதி வைத்தார். தாய் இறந்த பிறகு ஆச்சார்ய அத்ரே கண்ணில் அவை பட்டு 1952-ல் புத்தகம் ஆயிற்று. இன்று மராட்டியப் பாடப் புத்தகத்தில் பஹிணாபாய் இருக்கிறார். ஜள்காவ் பல்கலைக்கழகத்துக்கே 2018-ல் அவர் பெயரை வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு அம்மாவின் பெயர் இன்று பட்டதாரிகளின் சான்றிதழில் அச்சாகிறது. மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததால் வந்த பலன் இது.

தமிழில் நடந்தது

நம் பக்கமும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1871-லேயே சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் திரட்டிச் சென்னையில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்த தமிழ்ப் பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் 1958-ல் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) 1964-ல் தந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இந்தத் துறையில் மூலதனம். நெல்லை, சிவகிரி, சேலம் என்று பல பக்கத்திலிருந்தும் நண்பர்கள் சேகரித்து அனுப்ப, சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் பாட்டுக்குக் கீழே மறக்காமல் போட்டிருக்கிறார். பாட்டைச் சமூக வரலாற்றின் சாட்சியாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மேடையில் பாடியவர்களில் முனைவர் கே.ஏ. குணசேகரனை (1955–2016) சொல்ல வேண்டும். சிவகங்கைச் சீமையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். கிராமத்துப் பாட்டைக் கிராமத்துக் குரலிலேயே மேடையேற்றினார். 'தன்னானே' என்று கலைக்குழு வைத்து ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப் (1944–2016) எழுதிய 'மனுசங்கடா' பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் அவருடையது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநராகவும் இருந்தார். பாட்டுப் பாடியவர் ஆராய்ச்சியும் செய்தார், 'வடு' என்று தன் வாழ்க்கையையும் எழுதினார். வாமன்தாதாவும் அண்ணாபாவும் இங்கே எப்படியோ, அப்படி நமக்கு அவர்.

ஆனால் மேடைக்கு வராத நம் பாட்டிகளின் கணக்கு? அவர்கள் பாட்டு கேசட்டில் வந்தபோது "கிராமியப் பாடல்" என்று வந்தது. சினிமாவில் வந்தபோது வேறு யாரோ பெயரில் வந்தது. நம் வீட்டிலோ "ஆயா ஏதோ பாடும்" என்று சொல்லி விட்டுவிட்டோம். பில் இல்லாத சரக்கு மாதிரி, யாருடையது என்று தெரியாமலே கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

கிர்ணி வந்தது, பாட்டு நின்றது

மின்சாரம் கிராமத்துக்கு வந்தது. கிர்ணி என்று இங்கே சொல்லும் மாவு மில் வந்தது. பெண்களின் தோள்வலி குறைந்தது, விடியற்காலையில் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. இது நல்லதுதான், இதில் சந்தேகமே வேண்டாம். பாட்டுக்காக மறுபடி கல்லைச் சுற்றச் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் வேலை நின்றதோடு பாட்டும் நின்றுபோச்சு. இன்று மராட்டிய வீட்டுக் கல்யாணத்தில் மஞ்சள் அரைக்கும் சடங்குக்குத் திரிகையை அலங்கரித்து வைத்து ஓவி பாடுகிறார்கள். அதோடு சரி.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. நான் கராடியில் கோயம்புத்தூர் கிரைண்டர் விற்கிற வியாபாரி. நம் ஜனங்கள் இட்லி மாவுக்கு வாங்கிப் போகும் அந்த இயந்திரத்தில் சுற்றுவதும் கல்தான், ஆனால் அது போடும் சத்தத்தில் பாட முடியாது. எங்கள் சமண வீடுகளில், அரைப்பதற்கு முன் எறும்போ பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்துக் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் ஏந்திரத்தில் கை வைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும் என்பதால் அரைக்கும் வேலையும் வெளிச்சத்திலேயே நடக்கும். அதற்கென்று ஒரு பாட்டு, ஒரு நிதானம் இருந்தது. அந்தப் பாட்டு தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

கராடி இருபத்தைந்து முப்பது வருஷம் முன்பு வரை முளா-முட்டா ஆற்றங்கரையில் ஒரு விவசாயக் கிராமம். இன்று கணினி அலுவலகங்களும் மாடி வீடுகளும் நிறைந்த நகரம். இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறந்தால், திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஆறு மாசம் வந்து தங்குகிறார்கள். பதினாலாவது மாடியில் பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது அவர்கள் வாயில் தாலாட்டு வருகிறது. அந்தத் தாலாட்டுக்குள் மாமன் சீர் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, கொத்தடிமைக் கஷ்டம் இருக்கிறது, சில சமயம் பெரியார் வந்த கூட்டமோ விவசாயச் சங்கத்துக் கூலிப் போராட்டமோகூட இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

ஆகவே அன்பர்களே, இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு பாட்டை எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். செய்முறை கஷ்டமில்லை.

ஒன்று, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். டிவியையும் மிக்சியையும் நிறுத்திவிடுங்கள். பாட்டு ஞாபகம் வராவிட்டால் வேலையை ஞாபகப்படுத்துங்கள். "நாத்து நடும்போது என்ன பாடுவீங்க அத்தை?" என்று கேட்டால் தானாக வரும்.

இரண்டு, பாடியவர் பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், வட்டம், மாவட்டம், வயசு, செய்த வேலை, யாரிடம் கற்றார், பதிவு செய்த தேதி, இடம் இவற்றை எழுதுங்கள். இது இல்லாத பாட்டு பாதிப் பாட்டு.

மூன்று, சொல்லைத் திருத்தாதீர்கள். "வூட்டுக்கு" என்று பாடினால் "வூட்டுக்கு" என்றே எழுதுங்கள். இலக்கணம் படித்த மகனைவிட அந்த வார்த்தைக்கு வயசு அதிகம்.

நான்கு, நாலு பேருக்கு அனுப்பும் முன் பாடியவரிடம் சம்மதம் கேளுங்கள். சில பாட்டில் குடும்பத்து ரகசியம் இருக்கும். கல்லிடம் சொன்னதை ஊருக்குச் சொல்ல அவருக்கு விருப்பம் இருக்க வேண்டும்.

ஐந்து, அனுப்பும்போது பெயரோடு அனுப்புங்கள். "கிராமியப் பாடல்" என்று அனுப்பாதீர்கள்.

சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்து இவற்றைச் சேர்த்தால், அடுத்த மலரில் பத்துப் பாட்டாவது பாடியவர் பெயரோடு அச்சிடலாம். ஹேமா அம்மையாரும் கீ பொய்ட்வானும் புனே மலைக் கிராமங்களில் தொடங்கியதும் இப்படி ஒவ்வொரு பாட்டாகத்தான். லட்சம் தாண்டியது பிறகு. நம் கணக்கு ஒன்றில் தொடங்கட்டும். வரும் பொங்கலுக்கு அம்மா ஊரிலிருந்து வரும்போது, கரும்பு வாங்கும் நாளில் அந்த முதல் பெயரை எழுதிவிடுங்கள்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழ வைக்கும் மராட்டிய மண்!